இளமைப் பயிற்சியும் குண அமைப்பும்

(சங்கராபுரத்தில் நடைபெற்ற நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

 இம்மாதக் கூட்டத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும் என்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். கரும்பின் விலை, ஏரி மராமத்து, சங்கக் கட்டட நிதி என்பன போன்ற பொருள்களுக்கு நடுவே பிள்ளைகளுக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கியது இச்சங்கத்தார்க்குப் பெருமை தருவதே. யாம் பேரறிஞர் அல்லேம். இருபது ஆண்டுகட்கு மேலாகத் தமிழ் கற்பித்து வரும் உபாத்தியாயரே. ஆண்டுதோறும் புதிய முகங்கள் எம் வகுப்பில் வந்து அமர்கின்றன. பழைய முகங்கள் சில, மீசை முளைத்தும், இடுப்பில் கைக்குழந்தை ஏந்தியும், கடைத்தெருவில் எம்மைக் கண்டு நிற்கின்றன. பத்து வயதில் பார்த்த பிள்ளையை முப்பது வயதிலும் பார்க்கும் வாய்ப்பு ஆசிரியர்க்குச் சிறப்பாக உரியது. அவ்வாய்ப்பு ஒன்றைக் கொண்டே யாம் இன்று பேசத் துணிந்தோம்.

ஆராயப் புகும் வினா இது. ஒருவருடைய குணம் எங்ஙனம் அமைகிறது? ஒருவர் அஞ்சாமை உடையவராகவும், மற்றொருவர் எதற்கும் நடுங்குபவராகவும் ஆவது எதனால்? ஒருவர் சொன்ன சொல்லைக் காக்கிறார். மற்றொருவர் சொல்லி முடிக்கும்முன் மறக்கிறார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடத்தும் இவ்வேறுபாட்டைக் காண்கிறோம். இதன் காரணம் யாது?

குணம் பிறப்பொடு வருவது என்பார் ஒரு சாரார். ஒரு குலத்தாரின் சங்கத்தில் நின்று இக்கொள்கையை மறுத்தல் சிறிது துணிவு வேண்டும் செயலே. நம் முன்னோரின் ஈகையும் மானமும் நம் குருதியில் ஓடுகின்றன என்று ஆண்டுவிழாதோறும் கேட்டுக் கைதட்டி மகிழ்கிறோம். அன்பர்களே! குருதி குணத்தைச் சுமந்து வருமாயின் நமக்குப் பள்ளியும் வேண்டா, சங்கமும் வேண்டா; பிள்ளைகளைப் பெற்றுப் போட்டுவிட்டு வாளா இருக்கலாம். அங்ஙனம் இருந்தோர் வீட்டுப் பிள்ளைகள் எங்ஙனம் ஆயினர் என்பதை நீவிர் அறிவீர்; யாம் பெயர் கூற வேண்டுவதில்லை. பிறப்பினால் வருவன சில உண்டு என்பதை மறுப்பாரில்லை. சில குழந்தைகள் பிறந்த நாள் தொட்டே விரைவுடையன, சில கூச்சமுடையன. இது விதையின் இயல்பு. ஆயினும் ஒரே பொதியிலிருந்து எடுத்த விதைநெல், ஏரி நீர் பாயும் வயலில் ஒருவகையாகவும், வானம் பார்த்த மேட்டில் ஒருவகையாகவும் விளைவதை நம்மூர் உழவர்க்கு யாம் சொல்லுதல் மிகை.

பிள்ளையின் வயல் எது? அதனை வளர்ப்போரே அதன் வயல் என்பதே யாம் இன்று நிறுவப் புகும் கருத்து.

நம் பண்டைப் புலவர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர் என்றே யாம் கருதுகின்றோம். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தை எண்ணிப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனத் தொடங்கி, ஆண்பாலாயின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என முடியும் பத்துப் பருவங்களாகக் குழந்தையின் வளர்ச்சியை அவர்கள் வகுத்தனர். இவற்றுள் எப்பருவத்திலேனும் குழந்தை தனித்திருக்கிறதா? இல்லை. தால் என்றால், நாவசைத்துத் தாலாட்டுவாள் ஒருத்தி வேண்டும். சப்பாணி என்றால், கைகொட்டுக என்று சொல்லித் தானும் கைகொட்டுவார் ஒருவர் வேண்டும். முத்தம் கேட்பவர், வருக என்று கை நீட்டுபவர், நிலவைக் காட்டி அழைப்பவர் எனப் பருவந்தோறும் ஒருவர் எதிரில் நிற்கின்றார். அவர் அழைக்கக் குழந்தை விடை தருகிறது. குழந்தை அழைக்க அவர் விடை தருகிறார். இவ்வழைப்பும் விடையும் இடையறாது நிகழ்வதே வளர்ச்சி என்பது அவ்வமைப்பின் உட்பொருள்.

இக்கால உடல்நூலாரும் இதனையே வேறு மொழியிற் கூறுகின்றனர். பிறந்தபின் முதற் சில ஆண்டுகளில் குழந்தையின் மூளையில் நொடிக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நரம்பு இணைப்புகள் தோன்றுகின்றன என்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் குழந்தை வளர்ச்சி ஆய்வகத்தார் உரைக்கின்றனர். பயன்படும் இணைப்பு வலுப்பெறுகிறது. பயன்படாதது தேய்ந்து மறைகிறது. காட்டில் மக்கள் நடந்த வழி ஒற்றையடிப் பாதையாக நிலைப்பதும், நடவாத வழி புல் மூடிப் போவதும் போன்றதே இது. மழலை பேசும் குழந்தைக்கு முகம் பார்த்து மறுமொழி கூறுந்தோறும் அப்பாதையில் ஒருமுறை நடந்தவராகிறோம். மறுமொழி கூறாது விடுந்தோறும் புல் வளர விடுகிறோம்.

மறுமொழி கூறுவார் ஒருவரும் இல்லாவிடின் என்னாகும்? இதற்கு உலகம் கண்ட கொடிய சான்று ஐரோப்பாவில் உள்ள ருமேனியா நாட்டில் கிடைத்தது. அந்நாட்டு மக்கள்தொகையைப் பெருக்கக் கருதிய சௌசெஸ்கு என்னும் ஆட்சித்தலைவர் 1966ஆம் ஆண்டில் கருக்கலைப்பைத் தடைசெய்தார். வளர்க்க இயலாத பெற்றோர் பலர் தம் குழந்தைகளை அரசின் விடுதிகளில் விட்டனர். 1989 டிசம்பரில் அவ்வாட்சி வீழ்ந்தபொழுது, ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் அவ்விடுதிகளில் இருந்தமை வெளிப்பட்டது. உணவும் கூரையும் ஒருவாறு கிடைத்தன. ஆயினும் ஒரு பணிப்பெண் பல குழந்தைகளைப் பார்க்க நேர்ந்தமையால், தூக்கிக் கொஞ்சுவார் இல்லை. அழுதாலும் வருவார் இல்லாத இடத்தில் குழந்தைகள் அழுகையையே நிறுத்திவிட்டன என்று அங்குச் சென்று கண்டோர் எழுதினர்.

2000ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் சிலர் அந்நாட்டுத் தலைநகராகிய புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினர். அவர்களுட் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏனையோர் விடுதி வாழ்விலேயே தொடர்ந்தனர். குடும்பங்களிற் சேர்ந்த குழந்தைகள் அறிவிலும், பேச்சிலும், பிறரோடு ஒட்டி உறவாடும் தன்மையிலும் தேறினர். அவர்களுள்ளும் ஏறக்குறைய இரண்டு வயது நிரம்புவதற்கு முன் குடும்பத்தை அடைந்தோர் மிகுதியும் தேறினர். விடுதியிலேயே இருந்தோர் பின்தங்கினர். சோறு உடலை வளர்த்தது. ஆனால் மனத்தை வளர்க்க மற்றொரு மனம் வேண்டியிருந்தது.

இதனைக் கேட்டு, இளமையில் இடருற்ற பிள்ளை இனித் தேறாது என்று முடிவு கட்டற்க. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழி முன்னெச்சரிக்கையாகக் கொள்ளத் தக்கதேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளத் தக்கதன்று. ஐந்தில் எளிதாக வளையும். பதினைந்தில் பொறுமையோடு வளைக்கவேண்டும். முப்பதிலும் வளைந்தோர் உண்டு. இதற்கும் சான்று காட்டுவோம்.

பசிபிக் பெருங்கடலில், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில், 1955ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அம்மையாரும் அவர் துணைவரும் நாற்பது வயதளவும் தொடர்ந்து கண்டு எழுதி வந்தனர். அக்குழந்தைகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடிப்பழக்கமுள்ள தந்தை, மனநோயுற்ற தாய், ஓயாத இல்லச் சண்டை முதலிய பல இடர்களுக்கு இடையே பிறந்தவர். அவர்கள் அனைவரும் கெட்டழிவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால், அவர்களுள்ளும் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் அன்பும் உடைய நல்ல மக்களாக வளர்ந்தனர். இவர்களுக்கு மட்டும் வாய்த்தது யாது என்று அவ்வம்மையார் ஆராய்ந்தார். ஒவ்வொருவர்க்கும், தம்மை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவரேனும் இருந்தனர். அவர் தாயாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பாட்டியாக இருந்தார், அத்தையாக இருந்தார், அண்டை வீட்டாராக இருந்தார், பலருக்கு ஆசிரியராக இருந்தார். அன்றியும், அப்பிள்ளைகள் பலர் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல் போன்ற, பிறர்க்குப் பயன்படும் ஒரு பொறுப்பை ஏற்றிருந்தனர். பதினெட்டு வயதில் தவறான வழியில் நின்றோருள்ளும் பலர், நல்ல துணையோ, மீண்டும் கற்கும் வாய்ப்போ கிடைத்தபொழுது, முப்பதுகளில் திருந்தினர் என்பதும் அவ்வாய்வின் முடிபு.

இனி நம் நாட்டுப் பெரியோர் வாழ்வைச் சிறிது நோக்குவோம். சங்க நூல்களையும் காப்பியங்களையும் ஏட்டிலிருந்து மீட்டுத் தந்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் 1855ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் சங்கீத வித்துவான். நிலையான வருவாய் இல்லாதவர். மகனுக்கு இசையைப் பயிற்றவே அவர் விரும்பினார். மகனோ தமிழை விரும்பினார். தந்தையார் தம் விருப்பத்தை ஒதுக்கி, நல்ல ஆசிரியர் இருக்கும் ஊரைத் தேடி, ஊர் ஊராகக் குடும்பத்தை அழைத்துச் சென்றார். அரியிலூர்ச் சடகோபையங்கார் அச்சிறுவருக்குத் தமிழின் சுவையைக் காட்டினார். பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைத் தம் பிள்ளைபோல் ஏற்றுக்கொண்டார். தமிழ்த்தாத்தா என்று நாம் போற்றும் பெரியார், அத்தந்தையின் கால்நடையிலும் அவ்வாசிரியர்களின் அன்பிலும் உருவானவர்.

விருதுநகரில் 1903ஆம் ஆண்டிற் பிறந்த காமராசர் ஆறு வயதளவில் தந்தையை இழந்தார். தாயார் தம் நகைகளைக் கொண்டு குடும்பத்தைக் காத்தார். பிள்ளை பள்ளிப்படிப்பை இடையில் விட்டு மாமன் துணிக்கடையில் அமர நேர்ந்தது. கல்வி மறுக்கப்பட்ட அவ்விளமை, பிறர் கல்வியைக் கண்டு பொறாமைப்படும் மனத்தைத் தந்திருக்கலாம், தரவில்லை. 1954இல் முதலமைச்சராகி 1963 வரை ஆண்ட அவர், சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறப்பித்தார். 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கிய எம். ஜி. இராமச்சந்திரன், குழந்தைப்பருவத்தில் தந்தையை இழந்து, கும்பகோணத்தில் தாயோடும் தமையனோடும் வறுமையில் வளர்ந்தவர். தாம் சிறுவயதில் அறிந்த பசியே அத்திட்டத்திற்குக் காரணம் என்று அவரே கூறினார். தாம் பட்ட துன்பம் பிறர் படலாகாது என்று நினைக்கும் மனத்தை எது தருகிறது? துன்பம் மட்டும் தருவதில்லை. துன்பத்தின் நடுவில் கைவிடாத தாய் ஒருத்தி இருந்தமையே தந்தது என்பது எம் துணிபு.

மூன்றாவதாக, இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் தம் 'அக்கினிச் சிறகுகள்' என்னும் நூலில் கூறியிருக்கும் இரண்டு நிகழ்ச்சிகளை நம் சங்கத்தார் சிறப்பாகச் சிந்திக்கவேண்டும். ஐந்தாம் வகுப்பில் அவர், கோயிற் குருக்கள் வீட்டுப் பிள்ளையாகிய தம் தோழர் இராமநாதனோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், குல்லாய் அணிந்த சிறுவர் அந்தணச் சிறுவரோடு ஒருங்கிருத்தலைப் பொறாது, அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினார். முன்வரிசையில் இருந்த இராமநாதன் கண்ணீர் விட்டார். செய்தி அறிந்த அவர் தந்தையார் இலட்சுமண சாஸ்திரியார், அவ்வாசிரியரை அழைத்து, பிள்ளைகள் உள்ளத்தில் வேற்றுமை நஞ்சைக் கலக்கலாகாது எனக் கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார். மற்றொரு நிகழ்ச்சி: சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் அறிவியல் ஆசிரியர் அவரைத் தம் வீட்டு விருந்துக்கு அழைத்தார். ஆசாரமுடைய மனைவியார் தம் சமையலறையில் அவருக்கு உணவிட மறுத்தார். ஐயர் சினங்கொள்ளவில்லை, தம் கையாலேயே பரிமாறி, உடனிருந்து உண்டார். விடைபெறும்பொழுது மறுவாரமும் வருமாறு அழைத்தார். மறுவாரம் அவ்வம்மையாரே உள்ளே அழைத்துச் சென்று உணவு படைத்தார்.

இவற்றில் நாம் காணவேண்டுவது யாது? பின்வரிசை தந்த புண் ஒரு சிறுவருக்கு மட்டும் உண்டாகவில்லை. முன்வரிசையில் அமர்ந்து அதனைக் கண்ட சிறுவருக்கும் உண்டாயிற்று. இழிவு செய்யப்பட்ட பிள்ளை தன்னைக் குறைவாக எண்ணப் பழகுகிறது. இழிவு செய்தலைப் பார்த்து வளரும் பிள்ளை பிறரைக் குறைவாக எண்ணப் பழகுகிறது. இரண்டும் குணக் கேடே. நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வயலில் உழைக்கும் முதியவரை 'அடே' என்று நாம் விளிக்கும்பொழுது, அருகில் விளையாடிக்கொண்டிருக்கும் நம் பேரன் அதனைக் கேட்கிறான். அவனுக்கு நாம் பாடம் சொல்லவில்லை என்று நினைக்கிறோம். அவனோ அன்றைய பாடத்தைக் கற்றுவிட்டான். தன் குலத்தை நேசித்தல் வேறு. பிறர் குலத்தை இகழ்தல் வேறு. முன்னதைக் கற்பிக்கும் பெயரால் பின்னதைக் கற்பிக்கும் வீடு, தன் பிள்ளைக்கே தீங்கு செய்கிறது.

இளமையில் உண்டாகும் புண் உடலையும் தாக்கும் என்பது இப்பொழுது தெளிவாகியுள்ளது. 1998ஆம் ஆண்டில் பெலிட்டி, ஆண்டா என்னும் மருத்துவர் இருவரும் அவர் துணைவரும், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 9,500க்கு மேற்பட்ட முதிர்ந்தோரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அடி, வசை, தாய் அடிபடக் காணுதல், வீட்டில் குடியர் இருத்தல், ஒருவர் சிறைசெல்லுதல் போன்ற இளமை இடர்கள் ஏழு வகையாக வகுக்கப்பட்டன. அவற்றுள் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தோர்க்கு, ஒன்றும் அனுபவியாதோரைவிட, மதுவுக்கு அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை மிகுந்திருந்தது. இருதய நோய் முதலியனவும் அவர்களிடத்து மிகுந்து காணப்பட்டன. எப்பொழுதும் அச்சத்தில் வாழும் குழந்தையின் உடல், ஓயாது போர்க்கோலம் பூண்டே நிற்கிறது. தப்பி ஓடுவதற்கென இயற்கை வகுத்த சுரப்புகள் நாளெல்லாம் சுரக்கின்றன. அத்தகைய பிள்ளைக்கு வகுப்பில் இலக்கணம் ஏறவில்லை என்றால், அது மந்தபுத்தி அன்று. அதன் செவி வீட்டுக் கதவின் ஓசைக்கே காத்திருக்கிறது.

அடியாத மாடு படியாது என்பார் உளர். பிள்ளை மாடு அன்று. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்தை வருத்துதலையும் தடைசெய்தது. சட்டம் பள்ளி வாயிலோடு நின்றுவிடுகிறது. வீட்டிற்குள் நுழைய வேண்டியது நம் மனச்சாட்சி. அடியினால் பிள்ளை கற்பது இரண்டு: அடிப்பவர் இல்லாதபொழுது தவறு செய்யலாம் என்பது ஒன்று, வலியவர் மெலியவரை அடிக்கலாம் என்பது மற்றொன்று. இதனால் கண்டிப்பே வேண்டா என்பது எம் கருத்தன்று. நியூசிலாந்தின் டுனேடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளிற் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து கண்ட ஆய்வொன்று, இளமையில் தன்னை அடக்கக் கற்ற பிள்ளைகளே முப்பது வயதில் உடல்நலத்திலும் செல்வநிலையிலும் மேம்பட்டிருந்தனர் என்று காட்டியது. ஆயின் அடக்கம் வேறு, அச்சம் வேறு. அடக்கம், காலை எழுதல், முறைவைத்து விளையாடுதல், கேட்டதைச் சிறிது பொறுத்துப் பெறுதல் என்னும் சிறு பழக்கங்களால் வருவது. அதற்கு அப்பழக்கங்களைத் தாமும் உடைய பெரியவர் வேண்டும். கைப்பேசியைத் தாம் கீழே வையாத தந்தை, மகனை வையென்று கூறுதலால் யாது பயன்? அழுகின்ற குழந்தைக்கு அக்கருவியைக் கொடுத்து வாய் மூடச் செய்வது, பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் ஒரு கண்ணாடித் தகட்டிற்கு ஒப்படைப்பதாகும். அது குழந்தையின் முகம் பார்த்து மறுமொழி கூறுவதில்லை.

இதுகாறும் பிற நாட்டையும் பிற ஊரையும் பேசினோம்; இனி நம் சுற்றுப்புறத்தை நோக்குவோம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. நம் ஊர்களிலிருந்தும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்தும் குடும்பங்கள் பல, கேரளம், கருநாடகம், ஆந்திரம் முதலிய இடங்களுக்குப் பிழைப்பிற்காகச் செல்கின்றன. தந்தையும் தாயும் செல்ல, பிள்ளை பாட்டியிடம் நிற்கிறது. அல்லது பள்ளியை விட்டுத் தானும் உடன் செல்கிறது. அனுப்பும் பணத்தால் வீட்டிற்கு ஓடு போய்த் தளம் வருகிறது. பிள்ளைக்கோ பொங்கலுக்கு ஒருமுறை தந்தை வருகிறார். யாம் இதனைக் குறைகூறவில்லை. வயிறு என்னும் ஒன்று உண்டு. அப்பிள்ளைக்கு நாள்தோறும் யார் என்பதே எம் வினா.

2024 ஜூன் 19ஆம் நாளை நம் மாவட்டத்தார் மறக்கவியலாது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பார்வை இழந்தோரும் உளர். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்வி, விடுதிச் செலவுகளை ஏற்பதாகவும், தாய் தந்தை இருவரையும் இழந்தோர்க்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும், வைப்புத்தொகையாக 5 இலட்சம் ரூபாயும் அளிப்பதாகவும் அரசு அப்பொழுது அறிவித்தது. அது வேண்டிய உதவியே. ஆனால் ருமேனியாவின் பாடத்தை நினைவு கூருங்கள். பணம் சோறாகும், சட்டையாகும், புத்தகமாகும். மதிப்பெண் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து மகிழும் முகம் ஆகாது. செய்தித்தாள்காரர் வந்து சென்றனர். தலைவர்கள் வந்து சென்றனர். அதன் பின்னர் வரும் நூறு நூறு சாதாரண மாலைப்பொழுதுகளில் அப்பிள்ளைகளிடம் 'சாப்பிட்டாயா?' என்று கேட்பவர் யார்?

அன்றியும், சாராயத்தால் இறந்தவர் வீட்டுப் பிள்ளை மட்டுமே துன்புறுகிறது என்று எண்ணற்க. இறவாது நாள்தோறும் குடித்து வருபவர் வீட்டுப் பிள்ளைக்கு இழப்பீடும் இல்லை, இரங்குவாரும் இல்லை. எம் மாணவர் ஒருவர், படிப்பில் ஆர்வமுடையவர், திடீரென வீட்டுப்பாடம் எழுதுவதை விட்டார். உசாவியதில், தந்தை குடித்து வரும் இரவுகளில் விளக்கை ஏற்றினால் சண்டை எழும் என்று அஞ்சி, தங்கையோடு இருட்டில் உறங்குவதுபோற் படுத்திருப்பது தெரிந்தது. அவர் தெருவில் இருந்த தையற்காரர் ஒருவர், அவருக்கு உறவினரும் அல்லர், நம் குலத்தாரும் அல்லர், கடையடைக்கும் வரை அண்ணனும் தங்கையும் தம் விளக்கொளியில் அமர்ந்து படிக்க இடங்கொடுத்தார். பொத்தான் தைக்கவும் கற்றுக்கொடுத்தார். அப்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, இன்று ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக உள்ளார். தந்தையையும் அவரே காக்கின்றார். தையற்காரர் அளித்தது பொன்னன்று, பொருளன்று; ஒரு பலகையும், சிறிது ஒளியும், தவறாமையுமே.

தவறாமை என்னும் சொல்லை யாம் எண்ணியே கூறினோம். பிள்ளைக்கு வேண்டுவது விழாக்கால அன்பன்று. ஒருநாள் வந்து புத்தாடை கொடுத்துப் புகைப்படம் எடுத்து மறைவோரைவிட, வாரம் ஒருமுறை தவறாது வந்து பத்து நிமிடம் அமர்வோர் மேலானவர். வருவேன் என்று சொல்லி வருபவரைக் கண்டே பிள்ளை, உலகம் நம்பத்தக்கது என்று கற்கிறது. அந்நம்பிக்கையின்மேலேதான் வாய்மையும், உழைப்பும், பிறர்க்கு இரங்குதலும் கட்டப்படுகின்றன.

ஆதலின், இச்சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம்.

முதலாவது: ஆண்டுதோறும் பொதுத்தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கிறோம். அது தொடர்க. அவ்வாண்டில் பள்ளியை விட்டு நின்ற நம் பிள்ளைகள் எத்துணைப்பேர் என்னும் கணக்கும் அம்மேடையிலேயே படிக்கப்படுக. முதலில் வந்தவரைப் பாராட்டுதற்குச் சங்கம் இன்றியும் உலகம் உண்டு; நின்றுபோனவரைத் தேடிச் செல்வதற்குச் சங்கம் அன்றி யார் உளர்?

இரண்டாவது: பெற்றோரை இழந்த பிள்ளை, பெற்றோர் வெளியூரில் உள்ள பிள்ளை, குடியால் அலைக்கழியும் வீட்டுப் பிள்ளை ஆகிய ஒவ்வொருவருக்கும், அப்பிள்ளையும் வீட்டாரும் உடன்பட, அறிந்த பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க. ஒருவர்க்கு ஒரு பிள்ளை போதும். பத்துப் பிள்ளைகளை ஏற்று ஒன்றையும் காணாதிருத்தலினும் இது நன்று. அவர் பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் காண்க. வாரம் ஒருமுறை அப்பிள்ளையை வீட்டிலோ பள்ளியிலோ பிறர் அறியக் கண்டு பேசுக. குறைந்தது மூன்று ஆண்டு மாறாதிருக்க. ஓய்வுபெற்ற நம் பெரியோர் பலர் மாலையில் பொழுது போகவில்லை என்கின்றனர். பிள்ளைகளோ பேசுவாரின்றி உள்ளனர். ஒரு பிள்ளை அடிபடுவதோ, வேறு கொடுமைக்கு ஆளாவதோ தெரியவரின், குடும்ப மானம் என்று மூடிவைக்காது 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிற்கு அறிவிக்க. மானம் பிள்ளையைக் காப்பதில் உள்ளது, மறைப்பதில் இல்லை.

மூன்றாவது: இவ்வுதவியைச் செய்யும்பொழுது பிள்ளையின் குலத்தைக் கேளாதிருக்க. அத்தையற்காரர் கேட்கவில்லை, சிவசுப்பிரமணிய ஐயரும் கேட்கவில்லை. நம் சங்கப் பணத்தை நம்மவர்க்கே செலவிடவேண்டும் என்னும் விதி இருப்பின், பணம் அவ்விதிப்படியே செல்க; அன்பிற்கு விதி எழுதியவர் இல்லை. நம் தெருவில் அழும் பிள்ளைக்கு நம் பிள்ளை கைகொடுக்கக் கண்டால், அதுவே நம் குலத்திற்கு நாம் தேடிய பெருமை என்று கொள்வோமாக.

தாய்மார்களே! பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் பழியை உங்கள்மேற் சுமத்துவது ஆடவர் வழக்கம். யாம் அங்ஙனம் செய்யோம். நாள் முழுதும் வயலிலும் அடுப்படியிலும் உழைத்த தாய்க்குப் பிள்ளையோடு பேசப் பொழுது இல்லையெனின், அப்பொழுதை உண்டாக்கித் தரவேண்டியவர் அவ்வீட்டு ஆடவரே. நீர் இறைப்பதும் பாத்திரம் துலக்குவதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. தாயை மதிக்கும் தந்தையைக் கண்டு வளரும் மகன், நாளை தன் மனைவியை மதிப்பான். அம்மகளும் தன்னை மதியாதவனுக்குத் தலைகுனியாள்.

பெரியோர்களே! நம் சங்கக் கட்டடத்திற்கு இன்னும் எத்துணைச் செங்கல் வேண்டும் என்பதைப் பொருளாளர் அறிவார். கட்டடம் ஓராண்டு தாமதித்து எழுந்தால் குறையொன்றுமில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஓராண்டு காத்திருக்க இயலாது. அடுத்த ஆண்டு அது எட்டு வயதுப் பிள்ளை. இக்கூட்டம் கலைவதற்குமுன், ஒரு பிள்ளைக்குப் பொறுப்பேற்க இசைவோர் தம் பெயரைச் செயலாளரிடம் தருவாராக. பத்துப் பெயர் சேரினும் இம்மாலைப்பொழுது பயனுடையதாகும்.